இருநூற்றுப் பதினைந்தாவது பாட்டு

எங்கள் ஊரான ஸ்கோர்பியில் ஐம்பது வயதை நெருங்குகிறவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, டாக்டர் என்ன சொல்லப்போகிறாரோ என்பது. இன்னொன்று, ஹென்னிங் டோஃப்ட் என்ன எழுதப்போகிறாரோ என்பது. டாக்டராவது கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார். ஹென்னிங் எழுதியதை அறுபது பேர் கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, ஊரறிந்த மெட்டில், மேசையைத் தட்டித் தட்டிப் பாடுவார்கள்.

எங்கள் பக்கம் விருந்து என்றால் பாட்டு உண்டு. பாட்டு என்றால் விருந்து நாயகரின் மானம் எட்டு சரணத்தில் கப்பலேறும். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். முகம் சுண்டியவரை ஊர் பத்து வருடத்துக்கு மறக்காது. கல்யாணம், வெள்ளிவிழா, வேலையில் சேர்ந்து இருபத்தைந்து வருடம் என்று எதற்கும் யாராவது பாட்டு எழுதுவார்கள். ஸ்கோர்பியில் அந்த யாராவது எப்போதும் ஹென்னிங்தான்.

பள்ளியில் அவர் ஜெர்மன் வாத்தியார். ஆஸ்திரியாவில் இருக்கும் கூட்டாளிப் பள்ளியோடு மாணவர் பரிமாற்றத்தையும் அவரே நடத்திவந்தார். ஒரு வருடம் எங்கள் பிள்ளைகள் அங்கே மலையேறப் போவார்கள், மறுவருடம் அவர்கள் பிள்ளைகள் இங்கே மழையில் நனைய வருவார்கள். வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு பிரசங்கம் செய்வார். "எங்களுக்குப் பிடிச்சவங்களத்தான் நாங்க கிண்டல் பண்ணுவோம். பிடிக்காதவங்களுக்குப் பூங்கொத்து குடுத்து அனுப்பிருவோம்" என்பார். சொல்லி முடிப்பதற்கு முன்பே தானே சிரித்துவிடுவார். பிள்ளைகள் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் சிரிக்கும்.

வீட்டில் ஒரு பச்சைக் கோப்பு இருந்தது. அதில் இருநூற்றுப் பதினான்கு பாட்டுகள், வரிசை எண் போட்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கூட்டம் எத்தனை தடவை சிரித்தது என்று சிவப்பு மையில் குறித்திருப்பார். நூற்று அறுபத்து மூன்றாம் பாட்டுக்குப் பதினோரு சிரிப்பு. அது பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பௌல் என்பவரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எழுதியது. பௌலின் மனைவி காற்றாலை பழுதுபார்க்க வந்த ஒருவரோடு போய் அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹென்னிங் அதை விடுவாரா? காற்று எந்தப் பக்கம் அடித்தது, இறக்கை எந்தப் பக்கம் சுற்றியது என்று மூன்று சரணம் எழுதினார். பௌலும் சிரித்தார். எழுந்து நன்றியும் சொன்னார். அதற்குப் பிறகு நாலு வருடமாக எந்த விருந்திலும் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நாற்காலி போட வருவார், நாற்காலி எடுக்க வருவார், அவ்வளவுதான்.

"பௌலுக்குக் கூட்டம்னாலே ஆகாது" என்று ஹென்னிங் எல்லோரிடமும் விளக்குவார்.

இத்தனை பேருக்கு எழுதியவருக்கு யாரும் ஒரு வரி எழுதியதில்லை. பயம்தான் காரணம். இரங்கல் கடிதத்திலேயே கமா எங்கே விட்டுப்போயிற்று என்று சொல்லுகிற மனிதருக்கு யார் பாட்டு எழுதுவார்கள்? ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒயின் கொடுத்தார்கள். அறுபதாவதுக்கு மழைக்கோட்டு கொடுத்தார்கள். இரண்டு தடவையும் "பாட்டெல்லாம் எதுக்குப்பா, சும்மா" என்று சொல்லிக்கொண்டே, பொட்டலத்துக்குள் மடித்த காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவினார். எங்கள் ஊரில் தனக்குப் பாராட்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறவன் திருடனைவிடக் கேவலம். அதனால் கேட்கவும் முடியாது. கேட்காமலே கிடைக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதர் உள்ளுக்குள் கிடந்து தவித்தார்.

இந்த வருடம் விட்டால் இனி இல்லை. செப்டம்பர் இருபத்தாறு, வியாழக்கிழமையோடு அவர் இந்தப் பள்ளிக்கு வந்து இருபத்தைந்து வருடம். சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சின்னதாக, தற்செயலாகப் பேனா பட்டதுபோல, ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

திங்கட்கிழமை ஆஸ்திரியப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவராகப் பிரித்தாயிற்று. ஹென்னிங் வீட்டுக்கு வந்தவள் ஃப்ரான்சிஸ்கா, பதினாறு வயது. வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, "வணக்கம், சார். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"இங்க சாரும் கிடையாது, நீங்களும் கிடையாது. ஹென்னிங்னு கூப்பிடு. நீ, நான், அவ்வளவுதான்."

"சரிங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

அன்றைக்கே தலைமையாசிரியர் டோவெ ஆசிரியர் அறையில் அவரைப் பிடித்தார். "ஹென்னிங், வியாழக்கிழமை வழியனுப்பு விருந்துக்கு அவங்க டைரக்டர் லாம்பெர்ட் வர்றார். அவருக்கு ஒரு பாட்டு வேணுமே."

"வியாழக்கிழமையா?" ஹென்னிங் கொஞ்சம் நிறுத்தினார். ஞாபகம் வருவதற்கு வழி விட்டார்.

"ஆமா. ஏன், அன்னிக்கு வேற எதாவது இருக்கா?"

"ச்சே, என்ன இருக்கப்போகுது."

டோவெ கண் சிமிட்டவில்லை. கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டினார். "அவங்க கூட வந்த டீச்சர்கிட்ட விசாரிச்சு எழுதினேன். லாம்பெர்ட்டோட குணமெல்லாம் இதுல இருக்கு."

ஹென்னிங் தாளை வாங்கிக்கொண்டு போனார். வயிறு எரிந்தது. இருபத்தைந்து வருடம் உழைத்தவன் இங்கே இருக்கிறான், ஒரு நாள் வந்துவிட்டுப் போகிற ஆஸ்திரியக்காரனுக்கு அவன் கையாலேயே பாட்டு!

ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை எடுத்தார். மனைவி யூட்டெ ஃப்ரான்சிஸ்காவுக்கு இறைச்சி உருண்டைகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"கேளுங்க கூத்த. இந்த ஆள் ஜோக் சொல்றதுக்கு முன்னாடியே..." ஹென்னிங்குக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தார். "முன்னாடியே சிரிச்சிருவானாம்!"

"அப்படியா" என்றார் யூட்டெ.

"எந்த விருந்துக்குப் போனாலும் ஒரே அயிட்டத்தத்தான் கொண்டுபோவானாம். வருஷக்கணக்கா. யாரும் தொடமாட்டாங்களாம், அதையும் கவனிக்க மாட்டானாம்."

"என்ன அயிட்டம்?"

"போடல. ஏதாவது ஆஸ்திரியா சமாச்சாரமா இருக்கும். யூட்டெ, வியாழக்கிழமை விருந்துக்கு உருளைக்கிழங்கு வாங்கிட்டியா? என் சாலடுக்கு."

"வாங்கியாச்சு. எப்பவும்போல."

"கடுகு தூக்கலா போடணும், அதான் எல்லாருக்கும் பிடிக்கும். இதக் கேளு. அடுத்தவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கமாட்டானாம். கேட்டாலும் பதிலுக்கு நிக்கமாட்டானாம். அடேங்கப்பா! இன்னொண்ணு இருக்கு. இவன் பொண்டாட்டி ஒரு வாக்கியத்த முழுசாச் சொல்லி முடிச்சு முப்பது வருஷம் ஆச்சாம்! கேட்டியா யூட்டெ?"

"கேட்டேன். அந்தப் பொம்பள எவ்வளவு..."

"எவ்வளவு பாவம்! அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

யூட்டெ வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கை வெட்டினார். முப்பது வருட வரியைத் தாளில் சேர்த்துக்கொள்ளச் சொன்னதே அவர்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் அத்தனை பேரும் ஒன்றுகூடிச் செய்த சதி இது. ஹென்னிங்குக்கு இருபத்தைந்தாவது வருடம், பாட்டு போட்டே ஆகவேண்டும், எழுதுகிற தைரியம் ஒருவருக்கும் இல்லை. அப்படியானால் அவரையே எழுதவைப்போம் என்றார் பௌல். டோவெ தாளைச் சுற்றுக்கு விட்டார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது; அதைத் தன் கையெழுத்தில் வேறு தாளில் படியெடுத்துக்கொண்டார். லாம்பெர்ட் என்ற பெயரை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஹென்னிங் என்று வைத்தால் மெட்டு இடறாது என்பதையும் பார்த்து வைத்திருந்தார்கள். ஒரே ஒரு கவலைதான் இருந்தது, படித்தவுடனே கண்டுபிடித்துவிடுவாரே என்று. வீண் கவலை.

"எங்க டைரக்டர் அதிகமாப் பேசவே மாட்டாரே" என்றாள் ஃப்ரான்சிஸ்கா. "அவர் மனைவிதான் பேசுவாங்க. அவர் கேட்டுக்கிட்டே இருப்பார், சார்."

"ஹென்னிங்."

"கேட்டுக்கிட்டே இருப்பார், ஹென்னிங் சார்."

"அது வெளிவேஷம், பொண்ணே. நான் மனுஷங்களப் படிக்கிறவன். ஒரு தாள் போதும் எனக்கு, ஆள் முழுசா கண்ணு முன்னால நிப்பான்."

செவ்வாய்க்கிழமை எழுதத் தொடங்கினார். இவ்வளவு சுலபமாக ஒரு பாட்டும் அவருக்கு வந்ததில்லை. கை தானாக ஓடியது. லாம்பெர்ட்டின் சிரிப்பு, நடை, தானே பேசிக்கொண்டு போகும் திமிர் எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல வந்து விழுந்தன. ஏழு சரணத்தோடு தாளில் இருந்தது தீர்ந்தது. எட்டாவதை அவராகவே போட்டார். வியாழக்கிழமைக் கோபம் முழுவதையும் அதில் கொட்டினார்:

"ஊருக்கெல்லாம் கைதட்டு, தனக்கு மட்டும் இல்லை,
அடுத்தவன் பை திறக்கும்போது எட்டிப்பார்க்கும் தொல்லை;
வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி ஏங்கி நின்ற ஆளு,
வந்திருச்சு, லாம்பெர்ட், உன் பாட்டு, வாயை மூடிக் கேளு!"

புதன்கிழமை டோவெ பாட்டை நின்றபடியே படித்தார். ஏழு சரணம் வரை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எட்டாவதில் சிரிப்பு போய்விட்டது.

"இது தாள்ல இல்லையே, ஹென்னிங்."

"நானாப் போட்டது. ஒருத்தனப் பத்தி இவ்வளவு தெரிஞ்சா மிச்சம் தன்னால தெரிஞ்சிரும்."

டோவெ அவரையே பார்த்தார். "கொஞ்சம் கடுமையா இருக்கு. எடுத்துரலாமா?"

"எதுக்கு? தாங்க முடியாதவன் விருந்துக்கு வரக்கூடாது."

"நிச்சயமாவா?"

"எழுதினவன் நான் சொல்றேன்."

"சரி" என்றார் டோவெ மெதுவாக. "நீ சொன்னா சரி."

வியாழக்கிழமை காலையில் யூட்டெ காபி ஊற்றிக் கொடுத்து, மழை வரும்போல இருக்கிறது என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இருபத்தைந்தாவது வருடம் என்றால் பள்ளிக் கம்பத்தில் கொடி ஏறும், அதுதான் வழக்கம். ஹென்னிங் சைக்கிளைக் கம்பத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார். கம்பம் மொட்டையாக நின்றது. உள்ளே பௌல் ஏணிமேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"பௌல், இன்னிக்கு என்ன தேதி?"

"இருபத்தாறு."

"இருபத்தாறா!"

"ஆமா. நேத்து இருபத்தஞ்சு."

சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சாலட் பாத்திரத்தோடு வந்தவர் கம்பத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். கொடி பறந்துகொண்டிருந்தது. அந்த ஆஸ்திரியக்காரனுக்காகவா? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உணவுக் கூடத்துக்குள் போனார். மேசைகளில் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள், நடுவில் மெழுகுவர்த்திகள். பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து சேர்ந்தன. அவருடைய உருளைக்கிழங்கு சாலட் எப்போதும்போல மேசையின் கடைசிக்குப் போயிற்று.

டைரக்டர் லாம்பெர்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்து நீண்ட, சின்ன உருவம். குரல் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பாட்டில் வருகிற ராட்சசனுக்கும் இவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஊமைக்கோட்டான், உள்ளே எல்லாம் இருக்கும் என்று ஹென்னிங் முடிவு கட்டினார்.

"நீங்க இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டார் லாம்பெர்ட்.

ஹென்னிங் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வாரம் முழுவதும் ஒரு ஆளும் கேட்கவில்லை. "இன்னிக்கோட இருபத்தஞ்சு" என்றார்.

லாம்பெர்ட் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கேவா? ரொம்ப சந்தோஷம். இருபத்தஞ்சு வருஷம்னா சும்மாவா? முதல் நாள் எப்படி இருந்துச்சு?" கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார்.

ஹென்னிங் எழுந்து பௌலைத் தேடிப் போனார். பௌல் நீலநிறத் தாள் கட்டோடு கதவருகே நின்றிருந்தார்.

"பௌல், கடைசி சரணத்த மட்டும் விட்டுரலாமா?"

"அச்சடிச்சாச்சு."

"பேனாவால அடிச்சிரலாமே."

"எழுபது தாள், ஹென்னிங். நல்ல சரணம். நீ போய் உக்காரு."

டோவெ கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினார். "இன்னிக்கு நமக்குப் பிடிச்ச ஒருத்தருக்கு ஒரு பாட்டு" என்றார். தாள்கள் கைமாறி வந்தன. ஹென்னிங் லாம்பெர்ட்டின் முகத்தைப் பார்க்கக் கூசி, தன் தாளைப் புரட்டினார். மேலே ஒரு படம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் எடுத்தது, சுருட்டை முடியோடு, பெரிய கண்ணாடியோடு. அழகான பையன்தான், எங்கேயோ பார்த்த முகம் என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் கூட்டம் பாட ஆரம்பித்துவிட்டது.

முதல் சரணத்தில் எதுகை வந்து விழுந்த இடத்தில் பழக்கதோஷத்தில் அவரே சிரித்தார், மற்றவர்களுக்கு ஒரு நொடி முந்தி. கூடம் அதிர்ந்தது. அப்போதுதான் தன் பெயர் காதில் விழுந்தது.

மூன்றாவது சரணத்தில் சாலட் வந்தது. எல்லோரும் தாளிலிருந்து கையை எடுத்து, மேசைக் கடைசியில் ஒருவரும் தொடாமல் இருந்த பாத்திரத்தைச் சுட்டிக் காட்டிப் பாடினார்கள். ஐந்தாவதில் கமா வந்தது. ஆறாவதில் முப்பது வருட மனைவி வந்தார். யூட்டெ எழுந்து நின்றே பாடினார். அந்தச் சரணம் முழுவதும் ஒரே நீண்ட வாக்கியம், ஹென்னிங் ஆசை ஆசையாய்க் கட்டியது. யூட்டெ அதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, யாரும் குறுக்கே வராமல், பாடி முடித்தார். கன்னம் சிவந்துபோய் உட்கார்ந்தார். ஆஸ்திரியப் பிள்ளைகள் எங்கள் மொழியில் ஒரு சொல்லும் புரியாமல் எழுத்துக் கூட்டி எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்கள்.

ஹென்னிங் சிரித்துக்கொண்டே இருந்தார். சட்டம் அவர் போட்டதுதானே. வாய் வலித்தது.

எட்டாவது வந்தது. பாதிக் கூட்டத்துக்கு அது முன்னால் தெரியாது. அவரே எழுதிய வரிகள், ஒரு எழுத்து மாறவில்லை, பெயரைத் தவிர. அடுத்தவன் பையை எட்டிப் பார்த்தது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி ஏங்கி நின்றது. மேசை தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எழுபது பேர் மெல்லிய குரலில், "வந்திருச்சு, ஹென்னிங், உன் பாட்டு, வாயை மூடிக் கேளு" என்று பாடி முடித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இந்த ஒன்றை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அந்த நேரத்தில் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது.

பிறகு வழக்கப்படி மூன்று ஜே போட்டார்கள், கூடவே நீளமாக ஒன்று. ஹென்னிங் எழுந்தார். நன்றி சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக மற்றவர்கள் எழுந்து நன்றி சொல்வதைப் பார்த்து மதிப்பெண் போட்டவர்.

"நல்லா எழுதியிருக்கு" என்றார். உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். லாம்பெர்ட் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார். கேக் வந்தது, இருபத்தைந்து என்று கிரீமில் எழுதி. இத்தனை வருடம் ஏங்கியது கிடைத்துவிட்டது, அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு வெளியே வெளிச்சம் குறைந்தது. சூரியன் விழுவதற்குள் கொடியை இறக்கிவிட வேண்டும், பௌல் அதில் கறார். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஹென்னிங் வந்து நின்றார். பின்னாலேயே யூட்டெ, சாலட் நிறைந்த பாத்திரத்தோடு. கொடி தரையில் படக்கூடாது, மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஹென்னிங் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"பௌல், உன் அறுபதாவதுக்கு ஒரு பாட்டு எழுதினேனே. அது உனக்கு எப்படி இருந்துச்சு?"

தனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை ஹென்னிங் பௌலிடம் கேட்டது, இந்த இருபத்தைந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பௌல் கொடியை ஒரு மடிப்பு மடித்தார். "இன்னிக்கு உனக்கு இருந்த மாதிரிதான். ஆனா உனக்கு நீயே எழுதிக்கிட்ட. எனக்கு, நான் அப்ப..."

"இல்ல பௌல், அந்தக் காத்தாலை வரிய மட்டும் பாத்தீன்னா, மெட்டுல எவ்வளவு அழகா..."

"ஹென்னிங்" என்றார் யூட்டெ. "அவன் பேசி முடிக்கட்டும்."

பௌல் பேசினார். நாலு வருடத்துப் பேச்சு, முடிய நேரமாயிற்று. கொடியின் இரு முனையையும் பிடித்தபடி இருவரும் கம்பத்தடியில் நின்றார்கள். ஹென்னிங் நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் யூட்டெ பார்த்தார், இவர் மூடிக்கொண்டார்.